அவர் பெயருக்கு வந்த கேள்விகள்

என் கணவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்தார். அது அங்கே இருக்கிறது என்று ஊருக்கு அறிவிக்க அனுமதி கேட்டு எழுதிப் போட்டார். அனுமதி வருவதற்குள் இறந்துபோனார். நடந்தது இவ்வளவுதான். ஆனால் இதை இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அதனால் விளையாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜியோகேச்சிங் என்று அதற்குப் பெயர். யாராவது ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு தேடிக்கொண்டு போவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் காகிதத்தில் தங்கள் பெயரை எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட வேண்டும். புதையல் வேட்டைதான், ஆனால் புதையல் கிடையாது. உலகம் முழுக்க இதற்குப் பைத்தியங்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவர் எனக்கு வாய்த்தார்.

அவர் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வண்டி ஓட்டினார். கன்டெய்னரை அப்படியே பிடித்துத் தூக்கி அடுக்குகிற பெரிய வண்டி. ஒரு நாள் ராயபுரம் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கப்பலிலிருந்து இறங்கி வந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரன் பாலத்துக் கைப்பிடிக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தானாம். எதையோ தொலைத்துவிட்டான் போலிருக்கிறது என்று இவரும் போய்க் கூடச் சேர்ந்து துழாவியிருக்கிறார். கட்டைவிரல் அளவுக்கு ஒரு குப்பி கிடைத்தது. உள்ளே காகிதச் சுருள். அந்த ஆள் தன் பெயரை எழுதி, இவர் பெயரையும் எழுதச் சொல்லி, கை கொடுத்துவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டான். இவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்த்து யார்டில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன்.

அன்று முதல் அவருக்கு அது ‘டப்பா ஆட்டம்.’ ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிளம்பிவிடுவார். சில நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். ஒரு தடவை பெரம்பூரில் மரத்தடியில் நாங்கள் இரண்டு பேரும் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். தாலியில் கோர்த்த குண்டுமணி விழுந்துவிட்டது என்று சொல்லி நான்தான் சமாளித்தேன். பாவம், அவரும் கொஞ்ச நேரம் தேடிக் கொடுத்தார்.

“நம்ம திருவொத்தியூர்ல ஒண்ணு கூட இல்ல மே,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். “அவனவன் கப்பல்ல எத்தினியோ நாளு தண்ணியப் பாத்துக்கினு வரான். எறங்கி வந்தா தேடறதுக்கு இன்னா கீது இங்க?”

ஆகவே அவரே ஒன்று வைப்பதென்று முடிவாயிற்று. ஊறுகாய் வந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிக் காயவைத்தார். கன்டெய்னர் கதவில் பூட்டு மாதிரிப் போடுகிற சீல்களில், வெட்டி எறிந்தவற்றில் நாலைந்தைப் பொறுக்கி வந்து பரிசுப் பொருளாக உள்ளே போட்டார். காகிதம், ஒரு துண்டுப் பென்சில். திருவொற்றியூர் கடற்கரையில் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் இருக்கின்றனவே, அங்கே ரோட்டை ஒட்டி, அலை ஏறாத இடத்தில் பெரிய கல் ஒன்றின் அடியில் இருந்த பொந்தில் அதைச் செருகினார்.

நானும் கூட இருந்தேன். செருகி முடித்த பிறகு சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பொட்டலமும் குங்குமப் பொட்டலமும் எடுத்தார். கல்லின் முகத்தில் மஞ்சளைக் கடல் தண்ணீரில் குழைத்துப் பூசி, நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்தார்.

“கல்லுக்குப் பொட்டு வெக்கிறியே, நீ இன்னா பூசாரியா?” என்றேன்.

“மஞ்சா தடவி வுட்டா எவனும் இங்க ஒண்ணுக்குப் போவ மாட்டான். பாட்டில் ஒடைக்க மாட்டான். டப்பா பத்ரமா இருக்கும்.”

இது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. எங்கள் குடியிருப்பு மாடிப்படித் திருப்பத்தில் மூன்று மதத்துச் சாமிகளும் வரிசையாக டைல்ஸில் ஒட்டியிருக்கிறார்கள். வெற்றிலை எச்சில் நின்றது அவர்களால்தான்.

வைத்த உடனே வெளியிட்டுவிட முடியாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ரிவியூவர் என்று ஒருவர் இருக்கிறார். சம்பளம் இல்லாமல் ஆசைக்காகச் செய்கிற ஆள். எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. நாம் எழுதிப் போட்டதை அவர் பார்க்க வேண்டும். வேறு டப்பா பக்கத்தில் இருக்கிறதா, ரயில் பாதை இருக்கிறதா, இடத்துக்காரர் சம்மதித்தாரா என்றெல்லாம் சரிபார்த்து அவர் வெளியிட்டால்தான் மற்றவர்கள் கண்ணில் படும். அதுவரை நம் திரையில் மட்டும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இருக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

என் வீட்டுக்காரர் டீ குடிக்கும்போது போனைப் பார்ப்பார். குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டோடு பார்ப்பார். கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது. “நீ தான ஆபீஸ்ல மெயில் போட்டுப் போட்டு பைல நகத்துற. எனக்கும் இங்கிலீசுல ஒண்ணு போட்டுக் குடேன்,” என்றார். நான் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கிறேன். இறக்குமதிச் சரக்குக்கான காகிதங்களைத் தயார் செய்து அனுப்புவது, கேள்வி வந்தால் பதில் எழுதுவது, இதுதான் வேலை. “போட்ட வாரத்துலயே நச்சரிச்சா எவனுக்கும் புடிக்காது. ஆக்கப் பொறுத்த, ஆறப் பொறுக்க மாட்டியா?” என்றேன். சரி என்று சிரித்தார்.

அந்த வாரமே ஒரு காலையில், யார்டில் டீ இடைவேளையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாசி மாதம்.

அழுதேனா என்று கேட்டால், அழவில்லை. எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தால் கால் மரத்துப்போகும். கிள்ளினாலும் அது வேறு யாருடைய காலோ போல இருக்கும். எனக்கு உடம்பு முழுக்க, மனசு முழுக்க அப்படி இருந்தது. ஆபீஸில் என் எதிர் மேஜைக்காரர், வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்தவர், நாங்கள் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் முதல் ஆளாக வந்தார். பந்தல்காரனிலிருந்து சுடுகாடு வரைக்கும் எல்லாவற்றுக்கும் அவரே ஓடினார். “அழுதுடு மா, உள்ள வெச்சிக்காத,” என்று சொல்லிவிட்டுப் போனார். எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை.

காரியம் முடிந்து உறவினர்கள் எல்லோரும் போன பிறகு ஒரு நாள் அவருடைய போன் சத்தம் போட்டது. என் மகள்தான் எடுத்துப் பார்த்தாள். அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். அப்பா போனின் பூட்டை எப்படித் திறப்பது என்று அவளுக்குத் தெரியும்.

“அம்மா, அந்த டப்பா ஆட்டத்துலேந்து வந்துருக்கு.”

ரிவியூவர் எழுதியிருந்தார். என் கணவர் அந்த இணையதளத்தில் வைத்துக்கொண்டிருந்த பெயரைச் சொல்லி ஹலோ போட்டு, தாமதத்துக்கு மன்னிக்கவும், நிறைய விண்ணப்பங்கள் சேர்ந்துவிட்டன, நீங்கள் கொடுத்த புள்ளி வரைபடத்தில் கடலுக்குள் காட்டுகிறது, சரிபார்த்துச் சொல்லுங்கள், ஒரு படமும் அனுப்புங்கள் என்று. பதில் இல்லாவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்களாம். உங்கள் பொறுமைக்கு நன்றி என்று முடித்திருந்தார்.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கேள்வி வந்தால் பதில் எழுத வேண்டும், அது என் ரத்தத்தில் ஊறிய பழக்கம். அது மட்டுமில்லை. மனிதர் பாதியில் விட்டுப்போனது எவ்வளவோ. மகள் கல்யாணம், கழிவறைக் கதவு, மூலையில் கிடக்கிற மிக்சி. அதில் எதையும் அவர் நினைத்தபடி என்னால் முடிக்க முடியாது. இது ஒன்றை முடிக்க முடியும். அந்த டப்பா வெளிவந்துவிட வேண்டும். வேறு எதன் மேலும் எனக்கு ஆசை இல்லாமல் இருந்த நாட்களில் இந்த ஒன்றின் மேல் மட்டும் இருந்தது.

அவர் பெயரிலேயே பதில் எழுதினேன். ‘நான் நேரில் போய்ச் சரிபார்த்துத் தெரிவிக்கிறேன்.’

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கற்களுக்குப் போனேன். அவரோடு வந்தபோது கவனிக்கவில்லை, போனில் அம்பு திரும்புகிறபடி நாமும் திரும்ப வேண்டும். ரோட்டில் டிரெய்லர்கள் ஒன்றின் பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குக் காத்துக்கொண்டு நின்றன. டிரைவர்கள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்கள். கல் அங்கேயே இருந்தது. மஞ்சள் வெளுத்திருந்தது, குங்குமம் பளிச்சென்று இருந்தது. யாரோ ஒரு முழம் கதம்பம் வைத்திருந்தார்கள், அதுவும் காய்ந்துபோயிருந்தது. புள்ளியைக் குறித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பினேன்.

மறுபடியும் கிணற்றில் போட்ட கல்.

அந்த நாட்களில் என் கைப்பையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதில் இறப்புச் சான்றிதழ், அதன் நகல்கள், வாரிசுச் சான்றிதழுக்குக் கொடுத்த மனு. வங்கி, காஸ் இணைப்பு, ரேஷன் அட்டை, வருங்கால வைப்பு நிதி, எங்கே போனாலும் முதல் வேலை அவர் இறந்துவிட்டார் என்று நிரூபிப்பது. நான் சொன்னால் போதாது, மூலச் சான்றிதழைக் காட்ட வேண்டும். காட்டினேன். எத்தனை பேரிடம் காட்டினேன் என்று கணக்கில்லை. ஒரு அலுவலகத்தில் ஒரு பெண், “எப்போ எறந்தார்?” என்று கேட்டதற்கு, கிளியரிங் பைலில் கப்பல் வந்த தேதியைச் சொல்வது போலச் சொன்னேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

இந்த அலைச்சலுக்கு நடுவில் ரிவியூவர் மறுபடி எழுதினார். அந்த இடம் துறைமுகத்தின் பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறதா? எண்ணெய்க் குழாய் ஏதாவது போகிறதா? நான் வரைபடத்தில் துறைமுகச் சுவர் எங்கே முடிகிறது, பொதுச் சாலை எங்கே போகிறது என்று கோடு போட்டுக் காட்டி அனுப்பினேன். பைல் வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. பாயிடமும் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, “இன்னாமா, ஊறுகா டப்பாவுக்கு இம்மாம் கேள்வியா? நாம எறக்கற மெசினுக்குக் கூட இத்தினி கேக்க மாட்டாங்களே,” என்றார்.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. பழைய ரிவியூவர் விலகிவிட்டார், இனி நான் கவனிப்பேன் என்று வேறு ஒருவர் எழுதினார். அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். எனக்குக் கோபம் வரவேண்டும். வழக்கமாக நான் எரிந்துவிழுகிற ஆள்தான், ஆபீஸில் கேட்டால் சொல்வார்கள். வரவில்லை. பழைய பதில்களை எடுத்து, ஒழுங்கு செய்து, மறுபடி அனுப்பினேன். ஷேர் ஆட்டோவில் வரும்போதெல்லாம் அடுத்தது ரிவியூவர் என்ன கேட்பார், அதற்கு என் வீட்டுக்காரராக இருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டே வருவேன். மகளிடம்கூட அப்போது நான் அவ்வளவு பேசவில்லை.

புதியவர், படம் பழையதாக இருக்கிறது, இப்போதைய நிலையில் ஒன்று எடுத்து அனுப்புங்கள் என்றார். அப்போது ஆடி பிறந்திருந்தது.

போனேன். கல்லைக் காணவில்லை என்று முதலில் நினைத்தேன். இருந்தது, அடையாளம் தெரியவில்லை. சிவப்புப் பாவாடை கட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு சூலம், அதில் எலுமிச்சம்பழம். சுற்றிக் கல்லை அடுக்கி மேடை கட்டி, மேலே வேப்பிலைத் தோரணம். எண்ணெய் வழிகிற அகல் விளக்கு. கல்லுக்கு வெள்ளியில் இரண்டு கண்கள்கூட ஒட்டியிருந்தார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். இவர் டப்பா ஒளிக்கப் போய் அம்மன் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஓர் அம்மாள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து மேடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும். காசிமேட்டில் மீன் எடுத்து இந்தப் பக்கம் விற்கிறவள். காலி அன்னக்கூடை பக்கத்தில் இருந்தது. வியாபாரம் முடிந்ததும் தினமும் இங்கே வந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாளாம்.

“இது எப்போ வந்த கோயில்?” என்று கேட்டேன்.

“கோயிலு இல்லமா, ஆத்தா தானா வந்தா. ஒரு நாளு இப்டி போய்க்கினு இருந்தேன், பாத்தா மஞ்சா குங்குமத்தோட குந்தினு கீறா. யாரு வெச்சதுன்னு இங்க ஒருத்தருக்கும் தெர்ல. அன்னிக்கு என் புள்ளைக்கு ஜொரம். வேண்டிக்கினு போனேன், எறங்கிடுச்சு. அப்பால வுட முடியுமா?”

யார் வைத்தது என்று எனக்குத் தெரியும். அவள் பிள்ளையின் ஜுரத்தை இறக்கியது என் வீட்டுக்காரர் வாங்கிய குங்குமம் என்று சொல்லி நான் என்ன சாதிக்கப் போகிறேன்?

பாவாடைக்குக் கீழே பொந்தைப் பார்த்தேன். டப்பா இருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

“அது யாரோ வேண்டிக்கினு வெச்சது மா. பூட்டு மாரி இன்னாவோ போட்டு வெச்சிருக்காங்கோ. கயுவும்போது எடுப்பேன், அப்பால அங்கியே வெச்சிடுவேன். வேண்டுதல தொடக்கூடாது.”

எனக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. படத்தை அனுப்பினால் ரிவியூவர் அடுத்துக் கேட்கப்போவது இதைத்தான். வழிபாட்டு இடமாக இருந்தால், பராமரிக்கிறவர்களின் சம்மதம் வேண்டும் என்று விதிகளில் படித்திருந்தேன். சம்மதம் தரவேண்டிய ஆள் ஈரப் புடவையோடு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். கேள்வி வருவதற்கு முன்பே பதிலை வாங்கிவிடுவது நல்லது.

“அது எங்களுதுதான். இங்கியே இருக்கட்டுமா? எப்பவாவது கப்பல்காரங்க, வெளியூர்க்காரங்க வந்து எடுத்துப் பாத்து, பேர் எழுதிட்டுத் திருப்பி வெச்சிடுவாங்க. உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?”

“உன்னுதா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இருக்கட்டும் மா. வந்து கும்புட்டுட்டுப் போறாங்கோ, ஆத்தா இன்னா வேணாம்னா சொல்லப் போறா? செருப்ப மட்டும் கயட்டிட்டு வரச் சொல்லு.”

பிறகு கேட்டாள். “உன் வூட்டுக்காரு இன்னா பண்றாரு?”

“யார்டுல வண்டி ஓட்றாரு,” என்றேன்.

அது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாசக்கணக்காக அவராகவே எழுதி எழுதி, வாய் தானாகச் சொல்லிவிட்டது. நான் நெற்றியில் சின்னதாகக் கறுப்பு ஸ்டிக்கர்ப் பொட்டு வைத்திருந்தேன். அதை அவள் பார்த்தாள், “இன்னாமா இது, சுமங்கிலி நெத்தி இப்டியா கீறது,” என்று சொல்லிக்கொண்டே கல்லின் மேலிருந்த குங்குமத்தை விரலில் வழித்து என் நெற்றியில் அழுத்தி வைத்தாள். வகிட்டிலும் வைத்தாள். “உன் தாலி கெட்டியா இருக்கணும்.” அவள் விரலில் மீன் வாசனை அடித்தது.

கையைத் தட்டிவிட்டிருக்கலாம். நான் தலையைக் குனிந்துதான் கொடுத்தேன். அடியில் இருப்பது அவர் வைத்த குங்குமம், அதன் மேல்தான் இவர்கள் எல்லாம் அப்பியிருக்கிறார்கள் என்று அறிவுக்குத் தெரிந்தது. அப்போதாவது ஏதாவது உடையும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவளையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் மகள் கதவைத் திறந்தாள். என் நெற்றியைப் பார்த்தாள், வகிட்டைப் பார்த்தாள். உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டாள். குங்குமத்தோடேயே சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன், முகத்தையும் கழுவிக்கொண்டேன்.

நான் நினைத்தபடியே ஆயிற்று. படம் போன பிறகு வழிபாட்டு இடமா, சம்மதம் உண்டா என்று கேள்வி வந்தது. சம்மதம் வாங்கிவிட்டேன், காலணியைக் கழற்ற வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை என்று எழுதினேன். அதையே டப்பாவைப் பற்றிய குறிப்பிலும் சேர்த்தேன். அருமை என்று ஒரு வரி வந்தது. பிறகு ஆவணி முழுக்க ஒன்றும் இல்லை.

புரட்டாசியில் கடைசிக் கேள்வி வந்தது. அதைக் கடைசிக் கேள்வி என்று அவரே சொல்லியிருந்தார். ‘நீங்கள் அருகில்தான் வசிக்கிறீர்கள், தொடர்ந்து போய் டப்பாவைப் பராமரிப்பீர்கள் என்று உறுதி சொல்ல முடியுமா?’

மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். “அம்மா, போதும். அப்பா இல்லன்னு சொல்லிடு.”

“சொன்னா மூடிருவாங்க. உரிமையாளர் இல்லாத டப்பாவ வெளியிட மாட்டாங்க.”

“மூடட்டுமே. ஒலகத்துக்கெல்லாம் அப்பா செத்துட்டார்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்குற, இந்தாளுகிட்ட மட்டும் இன்னாத்துக்குமா? எனக்குப் பயமா இருக்கும்மா. நீ அப்பா மாதிரியே எழுதுற.”

“இது வெளிய வந்துடட்டும். அப்புறம் எல்லாருக்கும் சொல்லிக்கலாம்.”

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் போனில், ‘ஆமாம், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். தவறாமல் போய்ப் பார்த்துக்கொள்வேன்’ என்று தட்டிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் காலையிலிருந்தே மழை. ஆபீஸ் வாசலில் தண்ணீர் கட்டிக்கொண்டது, பாதிப் பேர் வரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் வீட்டுக்காரர் போன் மேஜை மேல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். வெளியிட்டுவிட்டார்கள். வாழ்த்துகள், நீண்ட தாமதத்துக்கு மன்னிக்கவும், இத்தனை மாதம் எல்லாக் கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி என்று அவர் பெயரைப் போட்டு எழுதியிருந்தது.

“கிளியர் ஆயிடுச்சு பாய்,” என்றேன்.

“எந்த பைலு?”

“டப்பா.”

“அடடா! அல்ஹம்துலில்லாஹ். உடாம புடிச்சிட்டியே மா. ஸ்வீட்டு எங்க?” பாய்க்கு உண்மையிலேயே சந்தோஷம். எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. முடித்துக் கொடுத்துவிட்டேன் என்று இருந்தது.

நன்றி எழுத வேண்டுமே என்று போனை மறுபடி எடுத்தேன். நன்றி, மேற்கொண்டு ஏதாவது விவரம் தேவைப்பட்டால் தயங்காமல் கேளுங்கள் என்று ஆபீஸ் கடிதம்போல மனசுக்குள் வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. எழுத இடம் இல்லை. ரிவியூவருக்குப் பதில் எழுதுகிற கட்டம் வெளியிட்ட உடனே எடுபட்டுவிடும் போலிருக்கிறது. அந்தப் பக்கத்தில் மேலும் கீழும் தேடினேன். வெளியே வந்து மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

மாசியிலிருந்து அன்றைக்குக் காலை வரைக்கும், உலகத்தில் ஏதோ ஒரு மூலையில், என் வீட்டுக்காரரிடமிருந்து பதில் வரட்டும் என்று ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். இனிமேல் அவரைக் கேட்க யாரிடமும் ஒரு கேள்வியும் இல்லை. நான் சீக்கிரம் முடியவேண்டும், முடியவேண்டும் என்று விரட்டியது இதைத்தான்.

என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்னுடையது என்று தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மேஜை மேல் பைல்கள் கிடந்தன, அவற்றின் மேலேயே தலையைப் போட்டுக்கொண்டு அழுதேன். பாய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

“இன்னாமா? இப்போதான கிளியர் ஆச்சுன்னே? இன்னா ஆச்சு, சொல்லு மா!”

“அவர் செத்துட்டார் பாய்,” என்றேன்.

சுடுகாடு வரைக்கும் கூட நடந்து வந்த மனிதர். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“ஆமாம்மா,” என்றார்.